மூன்று விரல் உயரம்

மார்ச் 4, செவ்வாய்

காலையில் எடைக்கற்களை டிக்கியில் ஏற்றிவிட்டு நிமிர்ந்தால், பின்சக்கரத்துக்கும் மட்கார்டுக்கும் நடுவே விரல் நுழைய இடமில்லை. குனிந்து பார்த்தேன். பின்னால் இரண்டு ஷாக் அப்சார்பரிலும் எண்ணெய் கசிந்து, அதன்மேல் தூசி அப்பி, கறுப்புக் களிம்பு பூசியது போல இருக்கிறது. டயரின் உள்விளிம்பு வழுக்கை.

என் வேலைக்கு வண்டிதான் கால். ஆஸ்பத்திரி, மருந்துக் கம்பெனி, நகைக்கடை, தபால் நிலையம் என்று எங்கெல்லாம் தராசு இருக்கிறதோ அங்கெல்லாம் போய், அது உண்மை சொல்கிறதா என்று சோதித்து முத்திரை வைக்க வேண்டும். பாதி இடங்கள் மலைமேல். மழைக்காலத்தில் பாதையே சேறு. அதனால்தான் நான்கு சக்கரமும் இழுக்கிற வண்டியாகத் தேடி அலைந்து வாங்கினேன். நான் வாங்கினேன். என் பேரில்.

அதைத்தான் போன பிறந்தநாளுக்கு எனக்கு ‘சர்ப்ரைஸ்’ என்று, நான் பயிற்சிக்குப் போயிருந்த வாரத்தில், நல்ல ஸ்பிரிங்குகளைக் கழற்றிவிட்டுக் குட்டை ஸ்பிரிங் போட்டு, மூன்று விரல் உயரம் கீழே இறக்கி, மூக்கில் சிவப்பு ரிப்பன் கட்டி நிறுத்தியிருந்தார் என் வீட்டுக்காரர். எனக்காம். எனக்குப் பரிசாம். ஞாயிறுதோறும் அதை எடுத்துக்கொண்டு தன் நண்பர்களோடு ஊர்வலம் போவது அவர்.

சுற்றி ஆட்கள் இருந்தார்கள். நான் சிரித்துவைத்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் பல் கூசுகிறது.

மார்ச் 5, புதன்

சொன்னேன். “பள்ளம் பாத்து ஓட்டு, ஒண்ணும் ஆகாது” என்றார்.

பள்ளம் பார்க்காமல் ஓட்ட, நான் என்ன கண்ணைக் கட்டிக்கொண்டா போகிறேன்?

மார்ச் 8, சனி

அத்தையைக் கண் டாக்டரிடம் கூட்டிப்போனோம். அத்தை என்றால் என் மாமியார். இந்த வீட்டில் முதுகெலும்புள்ள இன்னொரு ஆள். அவருக்கு இறங்குவதற்கு நான் ஒரு கை, அவர் மகன் ஒரு கை. டாக்டர் வீட்டு வாசலில் நின்று, முழங்காலைத் தடவிக்கொண்டே சொன்னார்: “கிணத்துல எறங்குற மாதிரி எறங்கணும், கிணத்துலேர்ந்து ஏறுற மாதிரி ஏறணும். ஏண்டா, இது காரா, இல்ல பாய்க்கு நாலு சக்கரம் வெச்சிருக்கியா?”

“அம்மா, இது ஒரு லுக்கும்மா.”

“லுக்கு இருக்கட்டும்டா. என் முட்டிக்கு யாரு பதில் சொல்றது?”

சிரித்துவிட்டேன். வீட்டுக்காரருக்குக் கோபம். திரும்பி வரும்போது வேண்டுமென்றே வேகத்தடையில் மெதுவாக்காமல் ஏற்றினார். டம்மென்று அடியில் இடித்தது. அத்தை “ஐயோ” என்றார்.

மார்ச் 9, ஞாயிறு

என் அம்மாவிடம் போனில் கொட்டித் தீர்த்தேன். தப்பு.

“குடிச்சுட்டு வந்து அடிக்கிறானா? இன்னொருத்தி பின்னாடி போறானா? காரைத்தானேடி எறக்கினான். ஆசையா செஞ்சிருக்கான். எத்தனை பேர் புருஷன் பொண்டாட்டி பொறந்தநாளையே மறந்துடறான் தெரியுமா?”

ஆக, அடிக்காமல் இருப்பதற்கு நான் நன்றி சொல்ல வேண்டும். மறக்காமல் இருந்ததற்கு இன்னொரு நன்றி. நன்றி சொல்லிச் சொல்லியே என் நாக்கும் அந்த டயர் மாதிரி ஒரு பக்கம் தேய்ந்துவிடும்.

மார்ச் 12, புதன்

ஒர்க்‌ஷாப். அவரும் வந்தார், “உனக்குப் புரியாது, நான் பேசிக்கிறேன்” என்று.

வண்டியைத் தூக்கி நிறுத்தினார்கள். ஒர்க்‌ஷாப்காரர் டார்ச் அடித்துக் காட்டினார், அவருக்கு. “சார், ஷாக் நாலும் போயிருச்சு சார். முன்னாடி ஆக்ஸிலை மூடுற ரப்பரும் கிழிஞ்சு கிரீஸ் தெறிச்சிருக்கு.”

“ஏன் கிழிஞ்சது?” என்று கேட்டேன்.

“வண்டியை எறக்கினா ஆக்ஸில் சாய்மானம் மாறும்ல சார்” என்று அவரிடம் பதில் சொன்னார்.

“கேட்டது நான்.”

“ஆமா மேடம்” என்று என்னைப் பார்த்துச் சொல்லிவிட்டு, “சாருக்குத் தெரியும்” என்று மறுபடி அங்கே திரும்பிக்கொண்டார். கழுத்துக்கு ஷாக் போட்டிருக்கிறார்கள் போல. அந்தப் பக்கம் மட்டும்தான் திரும்புகிறது.

என்ன செய்யலாம் என்று கேட்டதற்கு, கம்பெனி ஷாக்கையே இந்தக் குட்டை ஸ்பிரிங்கோடு மாட்டிவிடலாம், கைவசம் இருக்கிறது, அதிக வேலையில்லை என்றார். வீட்டுக்காரர் உடனே தலையை ஆட்டினார். நான் யோசித்துச் சொல்கிறேன் என்றேன். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் என்னைப் பார்த்தார்கள், ஏதோ நாற்காலி பேசியது போல.

மார்ச் 15, சனி

மூன்று நாளாக இதையேதான் படிக்கிறேன். எனக்குப் புரியாதாம். தராசைப் பிரித்து மாட்டுகிறவளுக்கு ஸ்பிரிங்கும் ஷாக்கும் புரியாதாம்!

எனக்கே எழுதி வைத்துக்கொள்கிறேன். வண்டியைத் தாங்குவது ஸ்பிரிங். அது குதித்துக்கொண்டே இருக்காமல் அடக்குவது ஷாக். முன்சக்கரத்தில் இரண்டும் ஒரே தண்டாக இருக்கும், ஸ்ட்ரட் என்கிறார்கள். பின்னால் தனித்தனி. குட்டை ஸ்பிரிங் போட்டால் வண்டி மூன்று விரல் கீழே உட்காரும். அப்போது கம்பெனி ஷாக்கின் தண்டு ஏற்கெனவே மூன்று விரல் உள்ளே போய்விடுகிறது. மேலும் அமுங்க மிச்சமிருப்பது கொஞ்சம்தான். அதில் டிக்கி நிறைய இரும்பு எடைக்கல்லையும் ஏற்றினால்? அடியிலுள்ள ரப்பர் கட்டையில் போய் முட்டும். தட்டு தரையில் முட்டிக்கொண்டு நிற்கிற தராசு எடை காட்டாது. முட்டிக்கொண்டு போகிற வண்டியும் ஓடாது. எகிறும்.

ஆக, வழிகள்: குட்டை ஸ்பிரிங்குக்கென்றே செய்த குட்டை ஷாக். அல்லது உயரத்தைத் திருகித் திருகி மாற்றிக்கொள்ளும் முழு செட். அவருடைய நண்பர்கள் அதைப் பற்றித்தான் கண்ணில் நீர் வரப் பேசுவார்கள். அல்லது பழைய ஸ்பிரிங், கம்பெனி ஷாக், வண்டி பழைய உயரத்துக்கு.

காலி டிக்கியோடு நல்ல சாலையில் போகிறவருக்கு முதலாவது சரி. நான் சுமையோடு மலையேறுகிறவள்.

மார்ச் 16, ஞாயிறு

சொல்லிவிட்டேன். பழையபடி உயர்த்தப் போகிறேன் என்று.

முதலில் சிரித்தார். பிறகு கெஞ்சினார். “புது ஷாக் போட்டுக்கோ. நாலும் போட்டுக்கோ. ஸ்பிரிங்கை மட்டும் விட்டுடு.” ஏன் என்றேன். அதற்குப் பிறகுதான், சட்டை பட்டனைத் திருகிக்கொண்டே, அதைச் சொன்னார். அவர் வேலை செய்வது தரை ஓடு விற்கும் கடையில்.

“ஒரு நாளைக்கு எத்தனை பேருக்குத் தரையைக் காட்டுறேன் தெரியுமா? எல்லாரும் தரையைத்தான் பாக்குறாங்க. என்னை யாரு பாக்குறா? அந்தக் காரை எடுத்துட்டுப் போனா நாலு பேர் திரும்பிப் பாக்குறாங்க.”

எனக்குச் சுருக்கென்றது. பொய் சொல்ல மாட்டேன், சுருக்கென்றுதான் இருந்தது. அதனாலேயே இன்னும் கோபம் வந்தது. இதை ஏன் என் முதுகில் ஏற்றுகிறீர்கள்? நாலு பேர் உங்களைத் திரும்பிப் பார்க்க வேண்டும் என்பதற்கு நான் ஏன் ஒவ்வொரு பள்ளத்திலும் பல்லைக் கடிக்க வேண்டும்?

கோழியைக் கேட்டா மசாலா அரைப்பார்கள் என்பார்கள். இந்த வீட்டில் கோழி நான்.

மார்ச் 22, சனி

பரணிலிருந்து பழைய ஸ்பிரிங்குகளை நானே இறக்கினேன். அத்தை ஸ்டூலைப் பிடித்துக்கொண்டார். “விழுந்துராதம்மா, உன்னைத் தூக்க எனக்கு ஷாக் இல்ல” என்றார். நான்கும் நன்றாகத்தான் இருக்கின்றன, சாக்குத் தூசி தவிர.

ஒர்க்‌ஷாப்பில் கொண்டுபோய்க் கொடுத்து, வாயால் ஒரு தரம், விரலால் தொட்டுக்காட்டி ஒரு தரம் சொன்னேன்: இந்த ஸ்பிரிங் நான்கு, புதிதாகக் கம்பெனி ஷாக் நான்கு, ஷாக்கின் தலையில் வரும் மவுன்ட் ரப்பர், ஆக்ஸில் ரப்பர், கடைசியில் சக்கரங்களை நேர்செய்ய அலைன்மென்ட்.

“சரி மேடம்” என்றார். பின்னால் யாராவது வருகிறார்களா என்று வாசலைப் பார்த்தார்.

ஏப்ரல் 1, செவ்வாய்

வண்டி வந்துவிட்டது. அவரே போய் எடுத்துவந்தார். நான் அலுவலகத்தில் மாட்டிக்கொண்டேன். திரும்பி வந்தபோது மழை. ஷெட்டில் நின்றதை எட்டிப் பார்த்தேன், ஒரு விரல் உயர்ந்த மாதிரி தெரிந்தது.

“ஒசந்திருக்கா?” என்றேன்.

“பாத்தா தெரியலையா?” என்றார். நல்ல முகமாக இருந்தார். நானும் நல்ல முகமாக இருந்தேன். இரண்டு வாரம் கழித்து ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டோம்.

ஏப்ரல் 2, புதன்

இன்றைக்கு எழுத்து கோணல்.

காலையில் மலை ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினேன். பிறந்த குழந்தைகள் வார்டில் எடைக்கருவிகள். முழுச் சுமை. கீழே நேர்ச்சாலையில் வண்டி நன்றாகத்தான் ஓடியது, புது ஷாக் இல்லையா, குதிக்கவில்லை. மனசுக்குள் அவருக்கு ஒரு பாராட்டுகூடச் சொல்லிக்கொண்டேன். பாராட்டு!

மேலே ஒரு வளைவு. தண்ணீர் அரித்த குழி ஒன்று வளைவுக்குள்ளேயே. வேகம் இல்லை. பார்த்துத்தான் போனேன் — பள்ளம் பார்த்துத்தான் போனேன் — பின்சக்கரம் இறங்கியது, டங்கென்று இரும்பு இரும்பை இடித்த சத்தம், பின்பக்கம் அப்படியே எகிறி வழுக்கிக்கொண்டு எதிர்ப்பக்கம் போயிற்று. எதிரே பால் டேங்கர்.

அந்த டிரைவர் மலைச்சுவரில் உரசி நிறுத்தினார். அதனால் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

இறங்கி வந்து கத்தினார். “ஓட்டத் தெரியாதா உங்களுக்கு! வீட்டுல ஆளில்லையா?” அவர் உதடு நடுங்கியது. கொஞ்ச நேரம் இருவரும் மழையில் நின்றோம். பிறகு தன் தண்ணீர் பாட்டிலை நீட்டினார். “குடிங்கம்மா. குடிச்சுட்டு மெதுவாப் போங்க.”

டிக்கியைத் திறந்தால் சின்ன எடைகளின் பெட்டி வாய்பிளந்து கிடக்கிறது. கையால் தொட்டாலே எடை மாறிவிடும் என்று இடுக்கியால் எடுக்கிற எடைகள். எல்லாம் இரும்புக்கற்களுக்கு நடுவே, சேற்று விரிப்பில்.

அவற்றை வைத்துக்கொண்டு எதைச் சோதிப்பது? வார்டு தலைமை நர்ஸிடம் இன்றைக்கு முத்திரை வைக்க முடியாது என்றேன். அந்த அம்மா குரலை உயர்த்தவில்லை. “ஒரு கிலோகூட இல்லாத குழந்தைங்க இங்க ரெண்டு இருக்கு. எடையப் பாத்துத்தான் மருந்து. இன்னிக்கு நான் எந்த எடைய நம்புறது, நீங்களே சொல்லுங்க?”

பக்கத்து வார்டிலிருந்து வேறு கருவி கொண்டுவந்து வைத்தார்கள். நான் நின்று பார்த்துவிட்டு வந்தேன்.

ஏப்ரல் 2, அதே நாள்

மலையிலிருந்து இறங்கி நேரே ஒர்க்‌ஷாப் போனதை மேலே எழுதாமல் விட்டுவிட்டேன். எழுத வரவில்லை.

“தூக்குங்க” என்றேன். தூக்கினார்கள். பளபளவென்று நான்கு புது ஷாக். அவற்றோடு அதே நான்கு குட்டை ஸ்பிரிங்.

“நான் கொடுத்தது எங்க?”

ஒர்க்‌ஷாப்காரர் துணியில் கையைத் துடைத்தார், துடைத்துக்கொண்டே இருந்தார். “சார் போன் பண்ணினாரு மேடம். ஸ்பிரிங் வேணாம், ஷாக்கை மட்டும் மாத்துன்னு சொன்னாரு.”

“வண்டி யாரு பேர்ல இருக்கு?”

“உங்க பேர்லதான் மேடம். நீங்க ரெண்டு பேரும் பேசிட்டீங்கன்னு நெனச்சேன்.”

“நான் உங்க முன்னாடி நின்னு சொன்னேன். தொட்டுக் காட்டினேன்.”

“சார் சொன்னாரு மேடம்” என்றார் மறுபடியும்.

சார் சொன்னாரு. அவ்வளவுதான். நான் நேரில் போய் நின்று சொன்னதெல்லாம் காற்று. அவன் போனில் சொன்னது கல்வெட்டு. ஆமாம், அவன். இன்றைக்கு ‘அவர்’ வரவில்லை எனக்கு. பாத்தா தெரியலையான்னு கேட்டானே! பொய்கூடச் சொல்லலை, பாருங்க, கேள்வியாக் கேட்டு என்னையே ஏமாற வெச்சான். அளக்கிறதுதான் என் பிழைப்பு. புருஷன் சொன்னான்னு அளக்காம ஏறினேன்.

ஏப்ரல் 3, வியாழன்

கூடத்தில் அத்தை முன்னிலையில் கேட்டேன். தனியாகக் கேட்டால் வேறு கதை ஆகிவிடும்.

“புது ஷாக் போட்டாலே சரியாயிரும்னு நெனச்சேன்” என்றான்.

“யாரைக் கேட்டு நெனச்சீங்க?”

“உன் நல்லதுக்குத்தான். ஷாக்கு நாலும் நல்ல ஷாக்கு.”

“நான் சொன்னதை மாத்தினீங்களா இல்லையா?”

“மாத்தல. கொஞ்சம்… தள்ளிப்போட்டேன்.”

“ஒசந்திருக்கான்னு கேட்டேனே, வாயில என்ன இருந்துச்சு?”

டேங்கரைப் பற்றிச் சொன்னேன். வளைவு, சத்தம், அந்த டிரைவரின் உதடு. அவன் முகம் வெளுத்துப்போனது. எழுந்து பக்கத்தில் வந்தான். “தொடாதீங்க” என்றேன். அது எனக்கே அந்நியக் குரலாகக் கேட்டது.

அத்தை மகன் பக்கம் திரும்பினார். “டேய், அந்த டேங்கர்காரன் பிரேக் போடலேன்னா இன்னிக்கு இந்தக் கூடத்துல என்ன நடந்துக்கிட்டு இருக்கும்னு யோசிச்சியா? நாலு பேர் என்ன, ஊரே உன்னைத் திரும்பிப் பாத்திருக்கும்” என்றார். எழுந்து உள்ளே போய்விட்டார்.

ஸ்பிரிங் எங்கே என்றேன். நண்பன் வீட்டில் என்றான். கொண்டுவருகிறேன் என்றான். வேண்டாம் என்றேன். இனி அந்தக் கை பட்டது எதுவும் என் வண்டிக்கு வேண்டாம்.

ஏப்ரல் 4, வெள்ளி

மலைச் சுற்றை என்னிடமிருந்து எடுத்து வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார் மேலாளர். “தற்காலிகமாத்தான்” என்றார். நான் ஆறு வருஷமாகப் போன பாதை. அவர் நினைப்பது என்ன என்று தெரிகிறது: பெண், மலை, மழை, வழுக்கிவிட்டது.

என் வீட்டுக்காரர் காரைக் குட்டையாக்கினார் என்று எப்படிச் சொல்வது? சொன்னால் சிரிப்பார்கள். சொல்லாவிட்டால் எனக்கு ஓட்டத் தெரியாது. இரண்டில் எது பரவாயில்லை?

சொல்லவில்லை.

ஏப்ரல் 7, திங்கள்

தெரு முனையில் பழக்கடைக்காரர், “ஏம்மா, வண்டியை ஒசத்தப்போறீங்களாமே, அதோட அழகே அதுல்ல இருக்கு?” என்கிறார். ஊருக்கே மனு கொடுத்திருக்கிறான்.

ஏப்ரல் 12, சனி

வேறு ஒர்க்‌ஷாப். ஊருக்கு வெளியே, லாரிகள் நிற்கும் பக்கம். தனியாகப் போனேன்.

இங்கேயும் முதல் கேள்வி, “சார் வரலையா?” “சார் கிடையாது. நான்தான்” என்றேன். விதவை என்று நினைத்துவிட்டார் போலிருக்கிறது, குரலைத் தணித்துக்கொண்டார். திருத்தவில்லை. ஒரு மணி நேரம் நிம்மதியாக வேலை நடந்தது.

எனக்கு வேண்டியதைச் சொன்னேன். முன்னால் கம்பெனி உயரத்தில் புது ஸ்பிரிங், இப்போது போட்ட ஷாக்கே இருக்கட்டும், அடிபடவில்லை என்றால். பின்னால் சுமை வண்டிக்கென்று கனமாக வரும் ஸ்பிரிங், அதை அடக்கும் அளவுக்கு இறுக்கமான ஷாக். அவருக்கு உடனே ஒப்பவில்லை. “காலியா ஓட்டினா பின்னாடி தூக்கிக்கிட்டு நிக்கும், முதுகு வலிக்கும்” என்றார். காலியாக ஓட்டுவது ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான், அதுவும் இனி இல்லை என்றேன். சிரித்தார். “அப்ப சரி. ஆனா ரொம்பக் கனமா வேணாம், ஒரு படி கம்மியாப் போடுங்க. நாலு சக்கரமும் இழுக்குற வண்டி, பின்னாடி ரொம்ப ஏறிட்டா ஆக்ஸில் மறுபக்கமா சாஞ்சு ரப்பர் கிழியும்.” அதை நான் யோசிக்கவில்லை. ஒத்துக்கொண்டேன். பேசினால் ஒத்துக்கொள்ளத் தெரியாதவளா நான்?

பின்பக்க ஷாக் இரண்டையும் கழற்றிக் காட்டினார். ஒன்றின் தண்டு அந்த ஒரே அடியில் வளைந்திருந்தது. புதியது!

ஏப்ரல் 19, சனி

மாட்டும்போது பக்கத்திலேயே ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தேன். போன் யாரும் பண்ண முடியாது, போன் பண்ணினால் நான்தான் எடுப்பேன்.

முடிந்ததும் என் எடைக்கற்களை ஏற்றி, சக்கர நடுவிலிருந்து மட்கார்டு விளிம்பு வரை நான்கு பக்கமும் அளந்தேன். இறக்கிவிட்டு மறுபடி அளந்தேன். சுமையோடும் பின்சக்கரத்துக்கு மேலே முழுக்கை நுழைகிறது.

வீட்டுக்கு வந்து அத்தையைக் கூப்பிட்டு உட்காரச் சொன்னேன். உட்கார்ந்தார், எழுந்தார், மறுபடி உட்கார்ந்தார். “நாற்காலி மாதிரி இருக்கு” என்றார். ஒரு வாகனத்துக்கு இதைவிடப் பெரிய சான்றிதழ் இல்லை.

அவர் மாடி ஜன்னலில் நின்று பார்த்தார். கீழே வரவில்லை.

மறுபடி ‘அவர்’ என்று எழுதிவிட்டேன். கை பழக்கம்.

ஏப்ரல் 27, ஞாயிறு

“சாப்பாடு”, “சாவி”, “கதவு” — இவ்வளவுதான் வீட்டுப் பாஷை.

வீட்டுக்காரர் தன் நண்பர்கள் கூட்டத்துக்குப் பஸ்ஸில் போனார். பஸ்ஸில்! நான் ஒன்றும் சொல்லவில்லை. சிரிப்பு வந்தது, அடக்கினேன், பிறகு ஏன் அடக்கினேன் என்று என்மேலேயே எரிச்சல்.

மே 6, செவ்வாய்

காலையில் காபிக் கோப்பையைக் கழுவிக்கொண்டே, எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கேட்டார்: “உன் மேலாளர்கிட்ட நான் வந்து சொல்லட்டுமா? தப்பு என்னுதுன்னு?”

எனக்கு ரத்தம் கொதித்தது. இப்போதும் இவர் வந்துதான் எனக்காகப் பேச வேண்டுமா? இங்கேயும் ‘சார் சொன்னாரு’ என்றால்தான் செல்லுமா?

“வேண்டாம்” என்றேன்.

“சரி” என்றார்.

நம்பவில்லை. போகத்தான் போகிறார்.

மே 9, வெள்ளி

மேலாளரிடம் நானே போனேன். ஒர்க்‌ஷாப்பில் கழற்றிய வளைந்த தண்டை மேஜைமேல் வைத்தேன். நடந்ததை நடந்தபடி சொன்னேன், வீட்டுக்காரர் உட்பட. சிரிக்கவில்லை. தண்டை உருட்டி உருட்டிப் பார்த்தார். “இதை அன்னைக்கே சொல்லியிருக்கலாமே” என்றார். சொல்லியிருக்கலாம். அவமானம் யாருடையது என்பதில் எனக்கு ஒரு குழப்பம் இருந்தது.

கிளம்பும்போது கேட்டேன், என் வீட்டிலிருந்து யாராவது வந்தார்களா, போன் செய்தார்களா என்று. இல்லை என்றார்.

மே 10, சனி

போகவில்லை. வேண்டாம் என்றேன், போகவில்லை.

மே 19, திங்கள்

மலை ஆஸ்பத்திரி. மேலாளர் என் சுற்றைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். அதே வளைவு, அதே குழி, இன்னும் பெரிதாக. பின்சக்கரம் இறங்கிற்று, ஏறிற்று. அவ்வளவுதான். வளைவைத் தாண்டி ஓரமாக நிறுத்தி, காரணமில்லாமல் ஐந்து நிமிஷம் அழுதேன். பயம் இல்லை. கோபம்தான் கண் வழியாக வருகிறது எனக்கு.

தலைமை நர்ஸ் எல்லாக் கருவிகளையும் வரிசையாக வைத்திருந்தார். ஒன்று நான்கு கிராம் கூட்டிக் காட்டியது. சரிசெய்து முத்திரை வைத்தேன். “டீ குடிக்கிறீங்களா?” என்றார். குடித்தேன்.

ஜூன் 1, ஞாயிறு

வாசலில் ஒரு சின்னக் கார். இரண்டே கதவு. கிழம். ஒரு பக்க விளக்கு மாறுகண். என் வீட்டுக்காரர் அதன் பக்கத்தில், பள்ளிக்கூடத்தில் பரிசு வாங்கியவன் மாதிரி நிற்கிறார்.

“என் பேர்ல வாங்கினேன்” என்றார். கேட்காமலேயே சொன்னார்.

எனக்குக் கோபம்தான் வந்தது. இரண்டு மாதமாக என்னோடு சரியாகப் பேசத் தெரியவில்லை, கார் தேடத் தெரிந்திருக்கிறதா! அத்தை என் தோளைத் தட்டினார். “அவன் பொம்மையை அவனே வாங்கிக்கிட்டான். விடும்மா. உன் பொம்மையைப் பிடுங்காம இருந்தாச் சரி.”

என்னுடையது பொம்மை இல்லை அத்தை என்றேன். “தெரியும், தெரியும்” என்றார்.

ஜூன் 15, ஞாயிறு

நாள் முழுக்க வாசலில் அந்தக் காருக்கடியில் மல்லாந்து கிடந்தார். நண்பர்கள் இருவர் வந்து குட்டை ஸ்பிரிங் மாட்டிவிட்டுப் போனார்கள். வண்டி ஏற்கெனவே எலி. கழுதை தேய்ந்து கட்டெறும்பான கதையாக, இப்போது எறும்பு.

சாயங்காலம் மாடிப்படியின் கீழே வந்து நின்றார். மேலே வரவில்லை. கையெல்லாம் கிரீஸ்.

“ஒண்ணு கேக்கணும்.”

“கேளுங்க.”

“ஷாக்கு நாலும் மாத்தணும். ஒர்க்‌ஷாப்ல பழைய அளவுலயே இருக்கு, மாட்டிரலாம்ங்கிறாங்க. எனக்கு… நீ சொல்லு. எதைப் போடலாம்?”

நிற்கட்டும் என்று நின்றேன். நின்றார்.

“இதுல யாரு யாரு ஏறுவாங்க?”

“நான் மட்டும்தான்.”

உள்ளேயிருந்து அத்தை, “நான் செத்தாலும் அதுல ஏத்தாதீங்க!” என்றார்.

“சுமை?”

“ஒண்ணும் இல்ல.”

“அப்போ குட்டை ஸ்பிரிங்குக்குன்னே வர்ற குட்டை ஷாக் போடுங்க. பழைய அளவு வேண்டாம், முட்டும். முட்டினா என்ன ஆகும்னு…” முடிக்கவில்லை நான். முடிக்க வேண்டியிருக்கவில்லை. அவர் தரையைப் பார்த்தார்.

“அன்னைக்கு உன்கிட்ட கேட்டிருக்கணும்” என்றார்.

இது மன்னிப்பா? தெரியவில்லை. மன்னிப்பு என்றால் அதில் மன்னிப்பு என்ற வார்த்தை இருக்கும். என் கோபம் இன்னும் அப்படியே அங்கேதான் உட்கார்ந்திருக்கிறது. கொஞ்சம் தள்ளி உட்கார்ந்திருக்கிறது, அவ்வளவுதான்.

“நாலு பக்கமும் மட்டமா இருக்கான்னு கொஞ்சம் பாத்துச் சொல்றியா?” என்றார்.

செருப்பைப் போட்டுக்கொண்டு கீழே போனேன். நான்கு பக்கமும் அளந்தேன். இடது முன்பக்கம் ஒரு நூல் அளவு தாழ்வு.

“இருக்கட்டுமா, ஏத்தணுமா?” என்று கேட்டார்.

“உங்க வண்டி” என்றேன். “நீங்க சொல்லுங்க.”

நிமிர்ந்து என்னைப் பார்த்தார். நான் கையைத் தட்டிவிட்டுக்கொண்டு மேலே ஏறி வந்துவிட்டேன்.